கறுப்புப் பட்டை எதை அளக்கிறது?

மாணவர்களே! உங்கள் பள்ளி ஆண்டு விழா மேடையைச் சற்று நினைத்துப் பாருங்கள். வெள்ளை உடை அணிந்த இளைஞர் ஒருவர் நிற்கிறார். அவர் இடுப்பில் கறுப்புப் பட்டை. அவர் முன்னே பத்து ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கணம் அமைதி. அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம். கை மின்னலென இறங்குகிறது. பத்து ஓடுகளும் நொறுங்கி விழுகின்றன. அரங்கம் அதிர்கிறது. அன்று வீடு திரும்பும்போது உங்களில் பலர் மனத்தில் ஓர் ஆசை முளைத்திருக்கும். "நானும் கராத்தே கற்க வேண்டும்; கறுப்புப் பட்டை வாங்க வேண்டும்!"

நல்ல ஆசைதான். அதைக் கெடுப்பதற்காக நான் எழுதவில்லை. கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பது என் தொழில். ஆனால் கடந்த பதினொரு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் காலை 6 மணிக்கு ஒரு பள்ளி மைதானத்தில், உங்கள் வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கராத்தே பயின்றும் வருகிறேன். 36 வயதில் வெள்ளைப் பட்டையோடு தொடங்கியவன் நான். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பட்டை என்பது ஓர் அளவுகருவி. அளவுகருவி சரியாக இருந்தால்தான் அது காட்டும் அளவுக்கு மதிப்பு. எதை அளக்கிறோம் என்று தெரியாமல் அளவை மட்டும் விரும்புவது அறிவியலுக்கு ஒவ்வாது, கராத்தேக்கும் ஒவ்வாது.

பட்டை வந்த கதை

கராத்தே வகுப்புகளில் ஒரு கதை சொல்வார்கள். பழங்காலத்தில் எல்லாருக்கும் வெள்ளைப் பட்டைதானாம். அதைத் துவைக்கவே மாட்டார்களாம். ஆண்டுக்கணக்கில் வியர்வையும் மண்ணும் படிந்து பட்டை கறுத்துப் போகுமாம். அதுவே கறுப்புப் பட்டையாம்! கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் வரலாறு வேறு.

ஜப்பானில் கானோ ஜிகோரோ என்ற கல்வியாளர் 1882ஆம் ஆண்டில் டோக்கியோவில் கோடோகான் என்னும் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி, ஜூடோ கலையை வகுத்தார். மாணவர்களின் தேர்ச்சியைத் தரம் பிரிக்க அவருக்கு ஒரு முறை தேவைப்பட்டது. 'கோ' எனப்படும் பலகை விளையாட்டில் வீரர்களைத் 'தான்' என்னும் படிகளாகப் பிரிக்கும் வழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது. கானோ அதைத் தம் கலைக்கு எடுத்துக்கொண்டு, 1883இல் தம் மாணவர் இருவருக்கு முதல் 'தான்' வழங்கினார். அப்படித் தேறியவர்கள் கறுப்புப் பட்டை அணியும் வழக்கம் சில ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது. மஞ்சள், பச்சை, நீலம் என்ற வண்ணப் பட்டைகள் ஐரோப்பாவில் பரவியவை. 1930களில் பாரிசில் ஜூடோ கற்பித்த கவாயிஷி என்பவர் இம்முறை பரவப் பெரிதும் காரணமானார்.

கராத்தே பிறந்த இடம் ஒகினாவா தீவு. அங்கிருந்து 1922இல் டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைச் செய்து காட்டியவர் ஃபுனகோஷி கிச்சின். அவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தான்! கானோவின் முறையைப் பின்பற்றி, 1924ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் தம் மாணவர்களுக்கு முதன்முதலாகக் கறுப்புப் பட்டை வழங்கினார். எனவே கறுப்புப் பட்டை என்பது வியர்வையில் ஊறிய மர்மம் அன்று. ஆசிரியர்கள் சிந்தித்து உருவாக்கிய ஒரு மதிப்பீட்டு முறை.

இம்முறையில் எண்கள் ஓடும் விதம் வேடிக்கையானது. தொடக்க நிலைகளுக்குக் 'கியூ' என்று பெயர். ஒன்பதாம் கியூ, எட்டாம் கியூ, ஏழாம் கியூ என்று எண் குறைந்துகொண்டே வந்து முதல் கியூவில் முடியும். அதன் பிறகு முதல் தான், இரண்டாம் தான் என்று எண் ஏறத் தொடங்கும். எண்கோட்டில் குறை எண்களின் பக்கத்திலிருந்து நடந்து வந்து மிகை எண்களின் பக்கம் காலடி வைப்பது போல! முதல் தானுக்கு ஜப்பானிய மொழியில் 'ஷோதான்' என்று பெயர். 'ஷோ' என்றால் தொடக்கம். நாம் முடிவு என்று எண்ணும் கறுப்புப் பட்டைக்கு அதை வகுத்தவர்கள் வைத்த பெயரோ தொடக்கப் படி!

ஓடு ஏன் உடைகிறது?

இனி மேடைக்கு வருவோம். கறுப்புப் பட்டையின் சான்று என்று பலரும் கருதுவது ஓடு உடைப்பதைத்தானே? அது உண்மையில் எதைக் காட்டுகிறது?

இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபெல்டு, ரொனால்டு மெக்நேர், ஸ்டீபன் வில்க் ஆகிய மூவர். அவர்களது கட்டுரை 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் வெளிவந்தது. கராத்தே வீரர்களின் கை அசைவை அதிவேக ஒளிப்படங்களில் பதிவு செய்து அவர்கள் அளந்தார்கள். புதிதாகக் கற்பவரின் கை வினாடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. நன்கு பயின்றவரின் கையோ வினாடிக்கு 14 மீட்டர் வேகத்தை எட்டுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கையின் நிறையை 0.7 கிலோகிராம் என்று கொள்வோம். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கக் கிடைப்பது. புதியவரின் கையில் இது சுமார் 12.6 ஜூல். பயின்றவரின் கையில் சுமார் 68.6 ஜூல். வேகம் இரண்டேகால் மடங்கைச் சற்றுத் தாண்டியது. ஆற்றலோ ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது! வேகத்தின் இருமடி செய்யும் வேலை இது. தசையைப் பருக்க வைப்பதால் மட்டும் இந்த வேகம் வருவதில்லை. கால் தரையை உதைப்பது, இடுப்பு திரும்புவது, தோள் முன்வருவது, கை நீள்வது ஆகிய அனைத்தும் சரியான வரிசையில், சரியான கணத்தில் நிகழ வேண்டும். வேண்டாத தசைகள் தளர்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

ஆனால் கவனியுங்கள். ஓர் அங்குலத் தடிப்புள்ள மென்மரப் பலகையை உடைக்கப் புதியவரின் வேகமே போதும்! பலகையின் இரு ஓரங்களையும் தாங்கி, நடுவில் அடிக்கிறோம். பலகை வளைகிறது. மேற்பரப்பு நெருக்கப்படுகிறது, கீழ்ப்பரப்பு இழுபடுகிறது. சுமார் 1 சென்டிமீட்டர் வளைந்ததும் கீழ்ப்பரப்பில் விரிசல் தோன்றிப் பலகை பிளக்கிறது. மரத்தின் நார் ஓடும் திசையிலேயே பிளக்கும்படி பலகையைப் பிடிப்பார்கள். அடுப்பில் விறகு பிளந்து போடும் உங்கள் பாட்டியைக் கேளுங்கள்; நாரின் குறுக்கே வெட்டுவதற்கும் நாரோடு பிளப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவரே சொல்லிவிடுவார்.

பத்து ஓடுகளின் கதையும் இதுவே. அடுத்த முறை அருகில் சென்று பாருங்கள். பெரும்பாலும் ஓடுகளுக்கு இடையே சிறு குச்சிகள் இருக்கும். அவை உண்டாக்கும் இடைவெளியால் ஓடுகள் ஒவ்வொன்றாக வளைந்து, ஒவ்வொன்றாக உடைகின்றன. உடைந்த துண்டுகளும் விழுந்து கீழே உள்ளவற்றை உடைக்க உதவுகின்றன. குச்சிகளை எடுத்துவிட்டால் பத்தும் ஒரே நேரத்தில் வளைந்தாக வேண்டும்; தேவைப்படும் விசை பல மடங்காகிவிடும். இதில் ஏமாற்று என்று ஒன்றுமில்லை. இது நல்ல இயற்பியல். ஆனால் ஓடு உடைந்தது என்பது பெரும்பாலும் ஓட்டைப் பற்றிய செய்தி. உடைத்தவரின் தேர்ச்சியைப் பற்றி அது சொல்வது குறைவு.

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு சிறுவன், ஆண்டு விழா பார்த்த மறுநாள் வீட்டுக் கொல்லையில் இரண்டு ஓடுகளைத் தரையில் படுக்க வைத்து ஓங்கிக் குத்தினான். ஓடு வளைய இடமில்லை. எனவே உடையவுமில்லை. கை மிகக் குறுகிய நேரத்தில் நின்றுவிட்டது. உந்தம் மாறும் நேரம் குறையக் குறைய விசை கூடும் அல்லவா? நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அந்த விசை முழுவதையும் ஓடு அவன் கைக்கே திருப்பித் தந்தது. புறங்கை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அரையாண்டுத் தேர்வை அவன் எழுதவில்லை.

உங்கள் வயதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளை அடுத்து 'வளர்ச்சித் தட்டு' என்னும் குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். முற்றிய எலும்பைவிட அது வலுக் குறைந்தது. அங்கே அடிபட்டால் எலும்பின் வளர்ச்சியே கோணிப் போகலாம். ஆகவே என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளை மேடையேற்றி ஓடும் செங்கல்லும் உடைக்கச் செய்வதை நிறுத்த வேண்டும். பெற்றோர் கைதட்டுவதற்காகப் பிள்ளையின் கை உடையக் கூடாது.

என் இடுப்பில் ஏறிய பொய்

இனி என் கதை. இதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், 43ஆம் வயதில், கறுப்புப் பட்டைத் தேர்வுக்குச் சென்றேன். அடிப்படை அசைவுகள், 'கட்டா' எனப்படும் வரிசைமுறைப் பயிற்சி, 'குமித்தே' எனப்படும் நேருக்கு நேர் மோதும் பயிற்சி ஆகிய மூன்றிலும் தேற வேண்டும். முதல் இரண்டையும் ஒருவாறு முடித்தேன். குமித்தேயில் இரண்டாம் சுற்றிலேயே மூச்சு வாங்கியது. "போதும் சார், உட்காருங்க" என்றார்கள். தோற்றுவிட்டேன் என்று எண்ணினேன். ஆனால் மாலையில் என் பெயரையும் வாசித்தார்கள்! எப்படி என்று கேட்டேன். "நீங்க காலேஜ் வாத்தியார். உங்களைப் பார்த்துத்தானே சார் இத்தனை பிள்ளைங்க சேர்ந்திருக்காங்க? வயசையும் பார்க்கணுமில்லையா?" என்றார் மாஸ்டர். அன்பினால் சொன்னதுதான். மறுத்திருக்க வேண்டும். மறுக்க மனம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியுடன் பயிற்சி. பச்சைப் பட்டைக்காரி, கெட்டிக்காரி. எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே நிற்பவர் கீழ்நிலைப் பட்டை என்றால் வேகத்தைக் குறைத்துத் தாக்க வேண்டும். மேல்நிலைப் பட்டை என்றால் முழு வேகத்தில் தாக்கலாம், அவர் தடுத்துக்கொள்வார். அவள் என் இடுப்பைப் பார்த்தாள். முழு வேகத்தில் காலை வீசினாள்.

ஒன்றைக் கண்ணால் கண்டு உடல் அசைவதற்கு மனிதருக்கு ஏறத்தாழ 0.2 வினாடி தேவை. அருகிலிருந்து வீசப்படும் உதையோ அதற்குள் வந்து சேர்ந்துவிடும். கால் கிளம்பியதைப் பார்த்த பிறகு தடுக்க நினைத்தால் நேரம் போதாது. பயின்றவர் காலைப் பார்ப்பதில்லை. அதற்கு முன்பே இடுப்பிலும் தோளிலும் தோன்றும் சிறு அசைவைப் பார்த்து நகர்ந்துவிடுகிறார். ஆண்டுக்கணக்கான குமித்தே தருவது இந்தத் திறனைத்தான். எனக்குக் குறைவாக இருந்ததும் அதுவே. நான் நகரவில்லை. கையை மட்டும் அரைகுறையாகத் தாழ்த்தினேன். அவள் கால் பெருவிரல் என் முழங்கையில் மோதியது. எலும்பில் கீறல். அடுத்த மாதம் நடந்த மாவட்டப் போட்டிக்கு அவள் போக முடியவில்லை.

அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்க பிளாக் பெல்ட் ஆச்சே சார்... தடுத்துடுவீங்கன்னு நினைச்சேன்."

மாணவர்களே, பள்ளிக்கு மட்டம் போட வெப்பமானியைச் சூடான தேநீரில் தோய்த்து அம்மாவிடம் காட்டும் பையனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெப்பமானி 40 டிகிரி காட்டும். உடம்பில் காய்ச்சல் இராது. என் பட்டையும் அப்படிப்பட்ட அளவையே காட்டியது. அந்த அளவை நம்பியவள் அவள். அடிபட்டவளும் அவள். பட்டை என்பது நம்முடைய பெருமைக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். எதிரே நிற்பவருக்கு நம்மைப் பற்றித் தரும் தகவல் அது என்பது அன்றுதான் உறைத்தது.

மறுவாரம் பழைய பழுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். மாஸ்டர் முதலில் வருந்தினார், பிறகு புரிந்துகொண்டார். இரண்டு ஆண்டு கழித்து முறைப்படி மீண்டும் தேர்வு எழுதினேன். தேறவில்லை. இன்னும் பழுப்புப் பட்டைதான்.

திருட முடியாதது

மேலே சொன்ன மூவரில் ரொனால்டு மெக்நேரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். லேசர் இயற்பியலில் ஆய்வு செய்தவர். கராத்தேயில் கறுப்புப் பட்டை பெற்றவர். அவர் முனைவர் பட்டத்துக்காகத் திரட்டியிருந்த ஆய்வுக் குறிப்புகள் ஒருநாள் திருட்டுப் போயின. இரண்டு ஆண்டு உழைப்பு! அவர் ஓய்ந்துவிடவில்லை. சோதனைகளை மீண்டும் செய்து, 1976இல் பட்டம் பெற்றார். பின்னர் விண்வெளி வீரராகி, 1984இல் சேலஞ்சர் விண்ணோடத்தில் பறந்தார். 1986 ஜனவரி 28 அன்று அதே விண்ணோடம் வெடித்துச் சிதறியபோது உயிரிழந்த எழுவரில் அவரும் ஒருவர்.

காகிதங்கள் போய்விட்டன; சோதனை செய்யும் திறன் அவர் கையிலும் மூளையிலும் இருந்தது. ஆகவே மீண்டும் செய்ய முடிந்தது. உங்கள் பட்டையும் சான்றிதழும் நாளை தொலைந்து போனால் எது மிஞ்சும்? அதுவே நீங்கள் கற்றது.

அப்படியானால் பட்டையே வேண்டாமா?

வேண்டும். நீண்ட பாதையில் மைல்கற்கள் ஊக்கம் தருகின்றன. பத்து வயதுப் பிள்ளையிடம், "ஐந்தாறு ஆண்டு கழித்துப் பார்ப்போம்" என்றால் அது இரண்டாம் வாரமே நின்றுவிடும். மஞ்சள் பட்டை வாங்கிய அன்று என் வகுப்புச் சிறுவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த மகிழ்ச்சியை நான் பழிக்க மாட்டேன். நான் எதிர்ப்பது காசுக்கும் தயவுக்கும் கிடைக்கும் பட்டையை. அது தெர்மாமீட்டரைத் தேநீரில் தோய்ப்பதற்குச் சமம்.

எனவே கராத்தே வகுப்பில் சேருமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அப்பா அம்மாவையும் கேட்கச் சொல்லுங்கள். முதலாவது, கறுப்புப் பட்டைக்கு எத்தனை காலம் ஆகும்? 'ஒரே ஆண்டில்' என்று விளம்பரம் செய்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இரண்டாவது, தேர்வில் என்னென்ன சோதிப்பீர்கள்? ஓடு உடைப்பதுதான் முதலில் வருகிறதென்றால் அங்கே அளவுகருவி சரியில்லை. மூன்றாவது, சென்ற தேர்வில் எத்தனை பேர் தேறவில்லை? இந்தக் கேள்விதான் முக்கியமானது. எவருமே தோற்காத தேர்வு எதையும் அளப்பதில்லை. எதை வைத்தாலும் ஒரே எடை காட்டும் தராசு அது.

அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சென்ற ஆண்டு, முறைப்படி தேர்வெழுதி, முதல் தான் பெற்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் இருந்தால் மைதானத்துக்கு வருவாள். என் எதிரே நிற்கும்போது ஒரு கணம் என் இடுப்பைப் பார்ப்பாள். பழுப்புப் பட்டையைக் கண்டதும் வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்வாள். எனக்கு அதில் வருத்தமில்லை. கருவி சரியாக வேலை செய்கிறது. அடுத்த ஆண்டு நான் மூன்றாம் முறையாகத் தேர்வுக்குப் போகிறேன்.

நீங்களும் வாருங்கள், பயிலுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் ஓடுகள் நொறுங்கும்போது தாராளமாகக் கைதட்டுங்கள். தட்டுவதற்கு முன், ஓடுகளுக்கு இடையே எத்தனை குச்சிகள் இருக்கின்றன என்று மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.